பத்தாவது கணக்கு வரல: டியூஷனா, யூடியூப்பா, மாடி வீட்டு அக்காவா, இல்ல குரூப்பையே மாத்திடலாமா?

காலாண்டு பேப்பர் குடுத்ததுல இருந்து ஒரே கேள்விதான் எனக்கு வந்துட்டு இருக்கு. பையன் பத்தாவது, மத்த பாடமெல்லாம் 70, 80 எடுக்கறான், கணக்குல மட்டும் 29, டியூஷன மாத்தவா, யூடியூப் பாத்து படிக்கச் சொல்லவா, இல்ல இப்போதைக்கு பாஸ் ஆனா போதும் பதினொண்ணுல கணக்கு இல்லாத குரூப் எடுத்துக்கலாம்னு விட்டுடவா? நான் ஒண்ணும் டீச்சர் கிடையாது. பள்ளிக்கூடத்துல கணக்கு பீரியட்னாலே வயித்த வலிக்குதுன்னு பெஞ்சுல படுத்துக்கற ஆளு. கணக்கு இல்லாத குரூப் எடுத்து தப்பிச்சேன்னு நெனச்சவ, இப்ப திருச்சியில ஒரு ஹார்டுவேர் கடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பில்லும் கணக்குமாதான் பொழப்பு. போன வருஷம் எங்க அக்கா பையன் பத்தாவது, அவனுக்காக இந்த வழியில எல்லாம் ஒரு தடவை போய் வந்தாச்சு, அதனால கேக்கறாங்க போல.

முன்னாடியே சொல்லிடறேன், கணக்க பிடிக்க வைக்கற வித்தை எதுவும் என்கிட்ட இல்ல. பிடிக்காமலே சமாளிக்கறதுக்கு எந்த வழி யாருக்கு ஒத்து வரும்ங்கறது மட்டும்தான் இங்க.

## முதல்ல எதையெல்லாம் பாக்கணும்

ஃபீஸ் எவ்வளவுங்கறதுதான் எல்லாரும் முதல்ல கேக்கறது. நான் அத கடைசியில வைப்பேன். ஏன்னு சொல்றதுக்கு எங்க பையனோட நோட்டையே காட்டறேன்.

ஆயத்தொலை வடிவியல்ல ஒரு சம். (−2, 3), (4, −1) ரெண்டு புள்ளி வழியா போற கோட்டோட சாய்வு கேட்டிருந்தாங்க. சூத்திரம் கரெக்டா எழுதிட்டான். மேல −1 − 3, சரியா −4 போட்டான். கீழ 4 − (−2), அதுக்கு 2ன்னு போட்டான். −4 பை 2, விடை −2. கைடுல பாத்தா −2/3ன்னு இருக்கு. அடிச்சுட்டு திரும்பப் போட்டான், மறுபடியும் −2. மூணாவது தடவையும் −2. நோட்ட மூடி வச்சுட்டு "சித்தி எனக்கு இந்த சேப்டரே வராது"ன்னான். அவனுக்கு அந்த சேப்டர் நல்லாவே வந்திருக்கு, வராதது ஏழாவது படிக்கும்போது முழுக்கள்னு ஒரு பாடம் வருமே, ஒரு எண்ணுல இருந்து மைனஸ் எண்ண கழிக்கறது, அதுதான். மூணு வருஷமா எல்லா சேப்டர்லயும் அந்த ஒரே எடத்துலதான் வழுக்கி விழுந்துட்டு இருந்திருக்கான், அது அவனுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது.

அதனால என் கணக்குல முதல் கேள்வி, இந்த வழி பின்னாடி போய் ஓட்டையத் தேடுமா, இல்ல நடப்பு போர்ஷன மட்டும் ஓட்டிட்டே போகுமா? ரெண்டாவது, பையன் தப்பு பண்ற அந்த வரிய மனுஷக் கண்ணு ஒண்ணு பாக்குதா? மூணாவது, பரீட்சைக்கு எத்தனை மாசம் இருக்கு, ஜூன்ல சரியா இருக்கற வழி ஜனவரியில வேலைக்கு ஆகாது. நாலாவது, பத்தாவதுக்கு அப்பறம் எங்க போறதா ப்ளான். அஞ்சாவதாதான் காசு, அதுலயும் ஃபீஸ் மட்டும் இல்ல, போக வர நேரம், தூக்கம், வீட்டுல நடக்கற சண்டை எல்லாம் சேத்துதான்.

## கூட்டமா உக்கார்ற டியூஷன் சென்டர்

நாங்க முதல்ல போனது இங்கதான். மாசம் 800 ரூபாய், சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு, ஒரு பேட்ச்ல 34 பேர். சார் நல்லாவே நடத்துவாரு, அவர குத்தம் சொல்ல மாட்டேன். போர்டுல ஒரு சம் போட்டு முடிச்சு "புரிஞ்சுதா"ன்னு கேப்பாரு, 34 பேரும் ஒரே குரல்ல "புரிஞ்சுது சார்", அதுல நம்ம பையன் குரல்தான் சத்தமா இருக்கும். பாத்து எழுதுன நோட்டு அச்சடிச்ச மாதிரி அவ்வளவு அழகா இருக்கு, எங்க அக்கா அந்த நோட்டப் பாத்துதான் நாலு மாசம் நிம்மதியா இருந்துச்சு. காலாண்டுல 31.

இங்க ஓட்டையத் தேடவே மாட்டாங்க, தேட முடியவும் முடியாது, ஏன்னா போர்ஷன் ஸ்கூலுக்கு முன்னாடி ஓடணும். லீவுலயே ஆரம்பிச்சு ஜூன்ல எங்க பையன் மூணாவது பாடம் இயற்கணிதத்துல இருந்தான், ஸ்கூல்ல அப்பதான் உறவுகளும் சார்புகளும் ஆரம்பிச்சாங்க. இதுல இன்னொரு நஷ்டம் என்னன்னா டியூஷன்ல நடத்தியாச்சேன்னு ஸ்கூல்ல கவனிக்கறது இல்ல, ஸ்கூல்ல நடத்துவாங்களேன்னு டியூஷன்ல கவனிக்கறது இல்ல. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உக்காந்தா மணி ஒம்பது, தனியா ஒரு சம் போட்டுப் பாக்கற நேரம்னு ஒண்ணு அந்த நாள்ல எங்கயுமே இல்ல. டியூஷனுக்கு எதிர்ல இருக்கற ஃப்ரைட் ரைஸ் கடைக்குப் போன காச நான் கணக்குலயே சேக்கல.

ஆனா 55, 60 எடுக்கற பிள்ளைய 80, 85க்கு கொண்டு போகணும்னா இதுதான் சரியான எடம். வாராவாரம் டெஸ்ட் வைப்பாங்க, பழைய பப்ளிக் கொஸ்டின் பேப்பர போட்டுப் போட்டு கை வேகம் வந்துடும். வீட்டுல தனியா உக்காரவே உக்காராத, நாலு பேரோட இருந்தாதான் படிக்கற பிள்ளைங்களுக்கும் இது ஒத்து வரும். 20, 30 எடுக்கற பிள்ளைக்கு இல்ல.

சில வீட்டுல ஸ்கூல் வாத்தியார்கிட்டயே டியூஷன் சேத்துடலாம், இன்டர்னல் மார்க்குக்கும் ஆச்சுன்னு நெனப்பாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 28வது பிரிவுல ஆசிரியர்கள் தனியா டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. தவிர பத்தாவது கணக்குல 100 மார்க்கும் எழுத்துத் தேர்வுதான், அறிவியல் மாதிரி செய்முறைக்கு 25ன்னு தனியா எதுவும் கிடையாது, அந்த ஆசையே வேணாம்.

## ஒத்தையா உக்காத்தி வச்சு சொல்லித்தர்ற ஆள்

எங்க மாடி வீட்டுல பிஎஸ்சி மேத்ஸ் கடைசி வருஷம் படிக்கற பொண்ணு. வாரத்துக்கு மூணு நாள், ஒரு மணி நேரம், மாசம் 1500. முத நாள் அந்தப் பொண்ணு பத்தாவது புக்கத் தொறக்கவே இல்ல. ஒரு துண்டுப் பேப்பர்ல அரையும் மூணுல ஒரு பங்கும் கூட்டுடான்னு குடுத்துச்சு. இவன் மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் தனித்தனியா கூட்டி 2/5ன்னு எழுதினான். அந்தப் பொண்ணு சிரிக்கல திட்டல, "அரைய விட 2/5 சின்னதாச்சே, அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிக் குறையும்?"னு கேட்டுச்சு. பையன் அந்தப் பேப்பரையே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தான். பத்து வருஷ பள்ளிக்கூடத்துல அவன்கிட்ட இப்படி யாராவது நின்னு கேட்டிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான், ஒரு க்ளாஸ்ல 50 பேர வச்சுக்கிட்டு அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க.

அப்பறம் ஆறு வாரம் ஆறாவது பின்னம், ஏழாவது முழுக்கள், எட்டாவது இயற்கணிதம் இதேதான் ஓடுச்சு. பழைய புக்க எடைக்குப் போட்டாச்சு, ஆனா பாடநூல் எல்லாமே அரசு தளத்துல பிடிஎஃப்ஃபா இலவசமா கெடைக்குது, தேவையான பக்கத்த மட்டும் பிரிண்ட் எடுத்தோம்.

இதுல மறைஞ்சிருக்கற செலவு பொறுமைதான். அந்த ஆறு வாரமும் ஸ்கூல் டெஸ்ட்ல மார்க் ஒரு புள்ளி கூட ஏறல, அத்தான் தினமும் "பத்தாவது பையனுக்கு எதுக்கு ஏழாவது பாடம், இதுக்கா 1500"னு ஆரம்பிச்சுடுவாரு. அந்தப் பொண்ணுக்கு செமஸ்டர் வந்தப்ப ரெண்டு வாரம் வரவே இல்ல. இன்னொரு ஆபத்து, பக்கத்துல ஆள் இருந்தாதான் சம் வரும்ங்கற நெலம வந்துடும், எங்க பையன் ஒவ்வொரு வரிக்கும் அது மூஞ்சியப் பாத்துட்டுதான் அடுத்த வரி எழுதுவான், அத நிறுத்தவே ஒரு மாசம் ஆச்சு. ஆளப் பொறுத்துதான் எல்லாமே, ஒத்தையா வர்ற எல்லாரும் பின்னாடி போய்ப் பாக்க மாட்டாங்க, சில பேர் வந்து ஹோம்வொர்க்க முடிச்சுக் குடுத்துட்டு காபி குடிச்சுட்டு போயிடுவாங்க.

சொந்தக்காரங்க சொல்லித்தர்றதப் பத்தி ஒரே வரி: நான் ரெண்டு நாள் முயற்சி பண்ணேன், ரெண்டு நாளும் அழுகையிலதான் முடிஞ்சுது, அதுல ஒரு நாள் அழுதது நான்.

## யூடியூப், கல்வி டிவி

காசு இல்ல, எத்தன தடவ வேணாலும் திருப்பிப் பாக்கலாம், அசிங்கமா நெனக்காம ஏழாவது பாடத்தக் கூட பாத்துக்கலாம், இது ரொம்பப் பெரிய விஷயம். 2019ல ஆரம்பிச்ச கல்வித் தொலைக்காட்சியோட பாடமெல்லாம் யூடியூப்லயும் இருக்கு. பாடப்புத்தகத்துலயே க்யூஆர் கோடு இருக்கு, அத ஸ்கேன் பண்ணாலே பாடம் வரும், நெறைய வீட்டுல அந்தக் கட்டம் எதுக்குன்னே தெரியாம இருக்காங்க.

பிரச்சனை என்னன்னா வீடியோ பாக்கறப்ப எல்லாமே புரியும். சமையல் வீடியோ பாத்து புரோட்டா வீசத் தெரிஞ்ச மாதிரி இருக்குமே அதே கதைதான், மாவு கைக்கு வந்தப்பறம்தான் தெரியும். வீடியோக்காரருக்கு 4 − (−2) க்கு நீங்க 2ன்னு போட்டது தெரியவே தெரியாது. தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு இன்னொரு சிக்கல், நெறைய பேர் பேசறது தமிழா இருந்தாலும் ஃபங்ஷன், பாலினாமியல், ஸ்லோப்னு போயிடுவாங்க, இவன் புக்குல சார்பு, பல்லுறுப்புக்கோவை, சாய்வுன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்னு யாரும் சொல்லலன்னா அவன் வேற ஏதோ பாடம்னு நெனச்சு மூடிடுவான், எங்க பையன் அப்படித்தான் ஒரு வாரம் இருந்தான். அப்பறம் போன் யாருது, எப்ப வீட்டுக்கு வருது, கணக்கு வீடியோவுக்குக் கீழ என்ன வீடியோ வருது இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நாங்க கண்ட ஒரே உருப்படியான முறை: சார் சம்ம எழுதினதும் வீடியோவ நிறுத்தணும், நோட்டுல போட்டுப் பாக்கணும், அப்பறம்தான் ஓடவிட்டு ஒத்துப் பாக்கணும். இருபது நிமிஷ வீடியோ ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஓட்டை எங்கன்னு ஏற்கனவே தெரிஞ்ச பிள்ளைக்கு இதுவே போதும், ஒத்தப் பைசா செலவு இல்ல.

## கைடு வச்சு தனியா

சுருக்கமா சொல்லிடறேன். கைடு விடை சொல்லும், நீ எங்க தப்புனன்னு சொல்லாது. தானா உக்கார்ற பழக்கம் இருந்து, ஸ்கூல்ல போய் சந்தேகம் கேக்கற தைரியமும் இருக்கற பிள்ளைக்கு மட்டும் சரி, அப்படிப்பட்ட பிள்ளையோட அம்மா என்கிட்ட கேள்வி கேட்டு வர மாட்டாங்க.

## பாஸ் ஆனா போதும்: மெல்லக் கற்போர் மெட்டீரியல்

படிப்புல பின்தங்குன பிள்ளைங்க பாஸ் ஆகறதுக்குன்னே சுருக்கமா இருக்கற மெட்டீரியல் இது. இத கேவலமா பாக்கறவங்க இருக்காங்க, நான் அப்படிப் பாக்க மாட்டேன். கணக்கு இதுதான்: ஒரு மார்க் 14 கேள்வி. ரெண்டு மார்க் 14 குடுத்து 10 எழுதணும், 20. அஞ்சு மார்க் 14 குடுத்து 10 எழுதணும், 50. ரெண்டுலயும் ஒரு கம்பல்சரி கேள்வி இருக்கும். கடைசியா எட்டு மார்க் ரெண்டு, ஒண்ணு செய்முறை வடிவியல் ஒண்ணு கிராஃப், 16. மொத்தம் 100, பாஸ் 35.

செய்முறை வடிவியல்ல வர்ற வகை விரல் விட்டு எண்ணிடலாம், வடிவொத்த முக்கோணம், முக்கோணம் வரையறது, வட்டத்துக்குத் தொடுகோடு. கையால வரைஞ்சு பழகறது, மூளைய விட ஸ்கேலும் காம்பஸும்தான் வேல செய்யும். கிராஃபும் அதே. இந்த 16ல 12 வந்தா, புக் பேக் ஒரு மார்க்க உருப்போட்டு அதுல 9 வந்தா 21 ஆச்சு. அப்பறம் நாலு ரெண்டு மார்க் சம்மும் ரெண்டு அஞ்சு மார்க் சம்மும் பாதிப் பாதி போட்டா கூட ஸ்டெப் மார்க் சேத்து 30ஐ தொடலாம், கணம், கார்ட்டீசியன் பெருக்கல் மாதிரி ஈஸியா வர்றத சேத்தா 35 தாண்டிடும். கிராஃப்ல அளவுத்திட்டம் எழுத மறக்கறது, பென்சில் முனை மழுங்கி கோடு தடியா வர்றது, இப்படி சின்ன சின்ன விஷயத்துலதான் மார்க் போகும். ஜனவரிக்கு மேல 20க்குள்ள நிக்கற பிள்ளைக்கு வேற எந்த வழியும் நேரத்துக்கு ஆகாது, அப்ப கௌரவம் பாக்காம இதத்தான் புடிக்கணும். அப்படியும் போச்சுன்னா துணைத்தேர்வு எழுதி அதே வருஷமே பதினொண்ணு சேந்துடலாம், வீட்டுல ஒப்பாரி வைக்கற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

இதுக்கான விலைய அப்பறமா குடுக்கணும். 38 எடுத்து பாஸ் ஆன பிள்ளைய பக்கத்து வீட்டுக்காரரப் பாத்து கணக்கு இருக்கற குரூப்ல தள்ளினீங்கன்னா, அங்க முக்கோணவியல், நுண்கணிதம்னு வரும்போது கால் ஊன எடமே இருக்காது.

## பதினொண்ணுல கணக்கு இல்லாத குரூப்

இதுல நானே சாட்சி. கணக்கு இல்லாத காமர்ஸ் குரூப் எடுத்தேன், ரெண்டு வருஷம் சொர்க்கம். பிகாம் சேந்தேன், பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு பேப்பர் வந்து வாசல்ல நின்னுச்சு, ரெண்டு தடவ அரியர். அதயும் முடிச்சு வேலைக்கு வந்தா, முத மாசமே ஒருத்தர் வரியோட சேத்து 1180 ரூபாய்க்கு பில் போடச் சொன்னாரு, 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் 1180ல 18 சதவீதம் கண்டு 212 ரூபாய் 40 காசு வரின்னு போட்டேன். மொதலாளி பில்லத் திருப்பிப் போட்டு "ஏம்மா, ஆயிரம் ரூபா சாமானுக்கு 180 தானே வரி"ன்னாரு. கடையில வேல பாக்கற எட்டாவது படிச்ச அண்ணன் மனக்கணக்காவே சொல்லிட்டாரு அத. சதவீதம் எந்த எண்ணு மேல வைக்கறோம்ங்கறது, அது ஏழாவது எட்டாவது பாடம்.

அதாவது குரூப் மாத்தினா போறது நுண்கணிதமும் அணியும்தான், நம்மள உண்மையில படுத்தற பின்னமும் சதவீதமும் கூடவே வரும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல 200 கேள்வியில 25 கணக்கும் மனத்திறனும்தான், பேங்க் எக்ஸாம் சொல்லவே வேணாம். சிஏ ஃபவுண்டேஷன்ல கணக்கும் புள்ளியியலும் சேந்து ஒரு 100 மார்க் பேப்பர் இருக்கு, தப்புக்கு மைனஸ் மார்க்கோட. பாலிடெக்னிக் போனா முத வருஷமே இன்ஜினியரிங் மேத்ஸ். ப்யூர் சயின்ஸ் எடுத்து நர்சிங் பக்கம் போறவங்களுக்குக் கூட மருந்து அளவுன்னு ஒரு கணக்கு இருக்கு.

மூடிப் போற கதவையும் பாத்துக்கணும். இன்ஜினியரிங் கட்ஆஃப் 200ல கணக்கு மட்டும் 100, அந்தப் பக்கமே மூடிடும். பையன் மெஷின், கம்ப்யூட்டர்னு ஆசையா இருக்கான், 29 மார்க்கப் பாத்து பயந்து போய் நீங்க மாத்திடாதீங்க, அது திரும்பி வராத முடிவு. ஆனா உண்மையாவே வரைகலை, வரலாறு, வக்கீல் படிப்பு, நர்சிங்னு ஆசை இருக்கற பிள்ளைக்கு தாராளமா மாத்தலாம், ரெண்டு வருஷம் தெனம் அழ வைக்கறதுல என்ன லாபம். மாத்தினாலும் சதவீதம் வரைக்கும் சரி பண்ணிட்டு மாத்துங்க. காமர்ஸ்ல பிசினஸ் மேத்ஸ் சேந்த குரூப்பும் இருக்கு, கொஞ்சம் நடுவுல நிக்கறவங்களுக்கு அதுவும் ஒரு வழி.

## ஒரே பார்வையில

| வழி | பழைய ஓட்டைய அடைக்குமா | நோட்ட யாரு பாப்பாங்க | மறைமுக செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டியூஷன் சென்டர் | இல்ல | டெஸ்ட் பேப்பர் மட்டும் | சாயங்காலம் முழுசா போகும் | 55க்கு மேல எடுக்கறவங்க |
| ஒத்தை ஆள் | நல்ல ஆளா இருந்தா அடைக்கும் | வரிக்கு வரி | ரெண்டு மாசப் பொறுமை | 20ல இருந்து 45, அரையாண்டுக்கு முன்னாடி |
| யூடியூப் | எங்க ஓட்டைன்னு தெரிஞ்சா மட்டும் | யாரும் இல்ல | போன் | தானா நிறுத்திப் போட்டுப் பாக்கறவங்க |
| கைடு | இல்ல | யாரும் இல்ல | காப்பி அடிக்கற பழக்கம் | ஏற்கனவே ஓரளவு வர்றவங்க |
| பாஸ் மெட்டீரியல் | இல்ல | ஸ்கூல் ஸ்பெஷல் க்ளாஸ்ல டீச்சர் | பதினொண்ணுல தெரியும் | ஜனவரிக்கு மேல 20க்குள்ள இருக்கறவங்க |
| குரூப் மாத்தறது | இல்ல, தள்ளிப் போடும் | பொருந்தாது | மூடற கதவு | ஆசை வேற பக்கம் இருக்கறவங்க |

எங்க பையனுக்கு கடைசியில ஓடினது கலவைதான், டியூஷன நிறுத்திட்டு மாடி வீட்டுப் பொண்ணு மூணு நாள், மத்த நாள் அவனே வீடியோ நிறுத்தி நிறுத்தி, பிப்ரவரியில கிராஃபும் வடிவியலும் தெனம் ஒண்ணு. அரையாண்டுல 47, பப்ளிக்ல 64. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கான், கணக்கு அதுல இருக்கு, கணக்கு பிடிக்குமாடான்னு கேட்டா இன்னமும் மூஞ்சியச் சுளிப்பான்.

நீங்க எந்த வழிக்குப் பணம் கட்டறதுக்கும் முன்னாடி காலாண்டு பேப்பர எடுத்து வச்சு, ஒவ்வொரு சம்மலயும் முதல்ல தப்பான வரி எதுவோ அதுல மட்டும் ஒரு வட்டம் போடுங்க, உங்களுக்குத் தெரியலன்னா தெரிஞ்சவங்கள வச்சுப் போடுங்க. எங்க பேப்பர்ல பதினொரு வட்டம், அதுல ஏழு மைனஸ், மூணு பின்னம், ஒண்ணுதான் பத்தாவது பாடம். பேப்பரக் கேட்டா ஸ்கூல்ல திருப்பி வாங்கிட்டாங்கன்னு சொல்லுவான், பைக்கு அடியில டிஃபன் பாக்ஸ் வைக்கற எடத்துல நாலா மடிச்சு கெடக்கும், பாருங்க.